தவிர்க்க முடியாத நாற்றம்

கடலூர் முதுநகர் ஸ்டேஷனை ஒட்டி எழுந்து நிற்கிற அந்தப் பத்து மாடிக் கட்டடத்தின் கிழக்குப் பக்க ஜன்னல்களில் ஒன்றுகூடத் திறந்திருந்து நான் பார்த்து நாளாகிறது. கடல் பார்த்த வீடு என்று சொல்லி விற்ற ஜன்னல்கள் அவை. இப்போது கண்ணாடிக்குப் பின்னால் திரை தொங்குகிறது, திரைக்குப் பின்னால் ஏசி ஓடுகிறது. ரயிலை விட்டு இறங்கி அண்ணாந்து அந்த மூடின ஜன்னல்களைப் பார்க்கும்போது என் வயிறு குளிர்ந்துபோகும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நல்லவள் என்ற பேர் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நான் சிதம்பரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது தேவனாம்பட்டினம், மீன்பிடிக் குடும்பம். என்னைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தார்கள், எனக்கு மூத்தவளை முதுநகரில் கட்டிக்கொடுத்தார்கள். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். அக்கா கருவாடு போடுகிறவள். அவள் போடுகிற நெத்திலிக்கும் காரப்பொடி மீனுக்கும் சிதம்பரத்தில் ஆள் சேர்த்தது நான்தான். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் கொடுத்துவிட்டு, “உங்க அக்கா எப்ப வருவாங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் படி இறங்குவார்கள். என் தையலைக் குறை சொன்னவர்கள் உண்டு. அக்காவின் கருவாட்டைக் குறை சொன்னவர் ஒருவர் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ஸ்டேஷன் மதிலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இருக்கிற மணல் திடல்தான் அவர்களுடைய களம். அக்காவோடு சேர்த்து ஏழெட்டுக் குடும்பத்துப் பெண்கள் அங்கே மீன் காயவைத்தார்கள். களத்தின் மேற்கு ஓரம் சற்று மேடு. மழைத்தண்ணீர் நிற்காது, மணல் சீக்கிரம் சூடேறும், அங்கே விரித்த மீன் மற்றவர் மீனுக்கு முன்னால் காய்ந்துவிடும். அதனால் மேற்கு ஓரத்துக்கு எல்லாருக்கும் ஆசை. சண்டை வரக்கூடாது என்று முறை வைத்திருந்தார்கள். அமாவாசைக்கு அமாவாசை இடம் மாறும். ஒரு குடும்பம் மேட்டை விட்டு இறங்கும், அடுத்த குடும்பம் மேட்டில் ஏறும். யார் எழுதி வைத்ததும் இல்லை, யாரும் ஏமாற்றியதும் இல்லை. தன் முறை வரும் மாசத்தில் அக்கா பெருமீனாகப் பார்த்து வாங்கிப் போடுவாள். அந்த மாசம் அவள் நடையே வேறாக இருக்கும்.

மீனை முதல் நாள் கழுவி உப்பில் போட்டு, மறுநாள் காலையில் விரிக்கவேண்டும். காலை வெயில் மேல் ஈரத்தை மட்டும்தான் எடுக்கும். மத்தியான வெயில்தான் உள்ளே போய் மீனைக் கருவாடாக்கும். இது கடற்கரையில் பிறந்த யாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் ஸ்டேஷன் திட்டத்துக்குப் போட்ட கூட்டத்தில் வெயிலைப் பற்றி வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம்.

ரயிலையும் பஸ்ஸையும் ஒரே இடத்தில் சேர்க்கப்போகிறார்கள், அதற்கு மேலே கடைகள், கடைகளுக்கு மேலே வீடுகள் என்று பேச்சு வந்தபோது, மக்கள் கருத்துக் கேட்க ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கடைக்கு லீவு விட்டுவிட்டு நானும் போனேன். எங்கள் ஜனங்களுக்கு ஒரே ஒரு பயம்தான், இடம் போய்விடுமோ என்று. சுனாமிக்குப் பிறகு கடலோரத்தைக் காலி பண்ணச் சொல்லி வந்தவர்களை எல்லாம் பார்த்த ஜனம் அது. யார் வந்து நின்றாலும் காலடியைத்தான் முதலில் பார்க்கும். அன்றைக்கு எழுந்த ஒவ்வொருவரும் அதையேதான் கேட்டார்கள். களத்தைத் தொடுவீர்களா? பாதையை அடைப்பீர்களா? எல்லை எங்கே?

மேடையில் இருந்த அதிகாரி எழுந்து நின்று, “உங்க களத்துல ஒரு அடி மண்ணைக்கூடத் தொட மாட்டோம். எல்லையில கல்லு நட்டுத் தர்றோம்” என்றார்.

மண்டபம் அதிர்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மாமா மேடையேறிப் போய் அந்த ஆளுக்குச் சால்வை போர்த்தினார். நான் கை வலிக்கத் தட்டினேன். மேடைக்குக் கீழே ஒரு மேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டடத்தின் பொம்மை இருந்தது. பச்சை ஸ்பாஞ்சில் மரம், விரல் நீளத்துக்கு பஸ். எல்லாரும் அதைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டோமே தவிர, இது எவ்வளவு உயரம் என்று ஒருத்தர் கேட்கவில்லை. இடம் என்றால் எங்களுக்குத் தரை. தரைக்கு மேலே இருக்கிறதும் நம்முடையதுதான், அதையும் கேட்டு வாங்கவேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சொன்ன சொல்லுக்கு அவர்கள் கல்லும் நட்டார்கள். மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினோம். அந்த எல்லையை அவர்கள் இன்றுவரை ஒரு அடி தாண்டவில்லை.

முதலில் மரங்கள் போயின. ஸ்டேஷன் வாசலில் இருந்த தூங்குமூஞ்சி மரங்களைத் துண்டு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றினார்கள். அந்த மரங்களில் அடைந்துகொண்டிருந்த காக்காய்களும் பருந்துகளும் எங்கே போகும்? நேரே களத்துக்கு வந்தன. முன்பு குச்சியைக் காட்டினால் பறக்கும் காக்காய், இப்போது குச்சி மேலேயே வந்து உட்கார்ந்தது. அக்கா பழைய வலைகளைத் தைத்து மீன் மேல் போட்டு மூடினாள். பிறகு தூசி. வலைக்குத் தூசியைத் தடுக்கத் தெரியாது. சிதம்பரத்தில் என் கடைக்கு வந்தவர்கள் முதல் தடவையாக முகம் சுளித்தார்கள். “நெத்திலியில மண்ணு கடிக்குதே” என்றார் பத்து வருஷமாக வாங்குகிற ஒரு டீச்சர். அக்காவிடம் சொன்னதும் அவள் முகம் செத்துப்போயிற்று. அதற்குப் பிறகு காய்ந்த கருவாட்டை முறத்தில் போட்டுப் புடைத்து, ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, மறுபடி காயவைத்து அனுப்பினாள். பில்லர் போடுகிற மெஷின் இடித்த இடியில் அவள் வீட்டுச் சுவரில் விரிசல் ஓடியது. பக்கத்து மனையை மண் கொட்டி உயர்த்தியதால் அடுத்த மழையில் தண்ணீர் களத்துக்குள் இறங்கி நின்றது. எல்லாவற்றுக்கும் அக்கா ஒரே பதில் வைத்திருந்தாள்.

“கட்டி முடிச்சாங்கன்னா சரியாப் பூடும்டி.”

கட்டி முடித்தார்கள். தளம் தளமாக அது ஏறினபோது களத்தில் நிழல் விழ ஆரம்பித்தது. முதலில் சாயங்காலம்தான் விழுந்தது, யாரும் சட்டை பண்ணவில்லை. அடுத்த தளத்துக்கு டீ நேரத்தில். பத்தாவது தளத்தின் கான்கிரீட் காய்ந்தபோது, மத்தியானச் சோறு சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மேற்கு ஓரம் இருட்டிவிட்டது. அங்கிருந்து நிழல் மெல்ல ஊர்ந்து வந்து, வெயில் சூடாக இருக்கவேண்டிய நேரத்தில் களம் முழுவதையும் போர்த்திவிடும். எல்லைக் கல்லைத் தாண்டித்தான் வந்தது. கல்லுக்கு நிழலைத் தடுக்கத் தெரியுமா?

முறை தலைகீழாக மாறிப்போயிற்று. மேற்கு ஓரம் கிடைக்காதா என்று ஏங்கினவர்கள், அமாவாசை வந்தால் அங்கே போகமாட்டேன் என்று நின்றார்கள். இத்தனை வருஷம் ஒரு சுடுசொல் பேசாத பெண்கள் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். அரைகுறையாகக் காய்ந்த மீன் சொதசொதவென்று இருந்தது, இரண்டாம் நாளே புழு வைத்தது. ஒவ்வொரு குடும்பமாகக் களத்தை விட்டது. இரண்டு பேர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனார்கள், மற்றவர்கள் மீனைப் பச்சையாகவே கம்பெனி வேனுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கடைசியில் அக்கா மட்டும் நின்றாள். இப்போது களம் முழுவதும் அவளுடையது. முறைக்குப் போட்டியிட ஒருத்தியும் இல்லை.

நான்தான் அவளை இழுத்துக்கொண்டு திட்ட அலுவலகத்துக்குப் போனேன். மண்டபத்தில் சால்வை வாங்கினவர் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் நாற்காலியில் சின்ன வயசுக்காரர் ஒருவர் இருந்தார். மரியாதையான ஆள்தான், எங்களை உட்காரச் சொன்னார்.

“கட்டடம் உங்க எல்லைக்குள்ள வந்திருக்காம்மா?” என்று கேட்டார்.

“கட்டடம் வரலிங்க. அதோட நிழலு வந்திருக்கு” என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. அதற்காக மனசுக்குள் அவருக்கு ஒரு மார்க் போட்டேன். அடுத்த நிமிஷமே அதைப் பிடுங்கிக்கொண்டேன். பின்னால் இருந்த ஒரு தடித்த புத்தகத்தைக் காட்டி, எல்லாம் முன்கூட்டியே ஆராய்ச்சி பண்ணித்தான் வைத்திருக்கிறோம் என்றார். “தூசி, சத்தம் எல்லாம் தற்காலிகம்மா. மரத்துக்குப் பதிலா கன்னு வெப்போம். இந்த நிழல், காத்தோட்டம் குறையறது, இதெல்லாம் தவிர்க்க முடியாத பாதிப்புங்கற கணக்குல வரும். ஊருக்கே நல்லது நடக்கும்போது கொஞ்சம் பேருக்குக் கஷ்டம் இருக்கத்தான் செய்யும். அன்னிக்குக் கூட்டத்துல யாரும் நிழலப் பத்தி ஆட்சேபணை சொல்லலையே?”

அக்கா எழுந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிடவேண்டும் போல இருந்தது.

ஊருக்குத் திரும்புகிற ரயிலில் என்னால் உட்கார முடியவில்லை. தவிர்க்க முடியாத, தவிர்க்க முடியாத என்று சக்கரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தது. நான் நியாயம் தெரியாதவள் இல்லை. அந்த ஸ்டேஷனை நானும்தான் உபயோகிக்கிறேன். முன்பு ரயிலிலிருந்து இறங்கி, ரோட்டைக் கடந்து, சாக்கடையைத் தாண்டி பஸ்ஸுக்கு ஓடவேண்டும். இப்போது கூரைக்குக் கீழேயே நடந்து போய் ஏறலாம். என் முழங்காலுக்கு அது சுகம்தான். கக்கூஸ் சுத்தமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டு வேண்டாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. ஆனால் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பத்து மாடி எதற்கு? மேலே வீடு கட்டி விற்றால்தான் கீழே போட்ட காசு திரும்பும் என்பதற்காகப் பத்து மாடி. அப்படியென்றால் தவிர்க்க முடியாதது நிழல் இல்லை, அவர்களுடைய லாபம். அதை அந்தப் பையன் வாயால் சொல்லியிருந்தால் நானும் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன்.

பரங்கிப்பேட்டை தாண்டும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் தனியாகச் சிரித்தேன். எதிரில் இருந்த அம்மா பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன். “இனிமே நெத்திலி வாணாம். திருக்கை போடு.”

திருக்கை மீன் காய்கிற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நல்ல வெயிலில் போட்டாலே மூத்திர வாடை அடிக்கும். நிழலில் போட்டால் அது வேறு மாதிரி. கண் எரியும், தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும், துணியில் ஏறினால் ரெண்டு தடவை துவைத்தாலும் போகாது. அக்கா அதுவரை திருக்கையைத் தொட்டதே கிடையாது, அவள் கௌரவத்துக்கு அது இழுக்கு. அதனால்தான் என்னை வெறித்துப் பார்த்தாள்.

“காயாதேடி. அழுவிப் பூடும்.”

“அழுவட்டும். நெத்திலி மட்டும் காயுதா? எப்படியும் அழுவப்போற மீனு, கொஞ்சம் உரக்க அழுவட்டும். மத்தியானத்துக்கு மேல கடல்காத்து எந்தப் பக்கம் அடிக்குது, பாரு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். காற்று கிழக்கிலிருந்து வந்து, எங்கள் முந்தானையைத் தூக்கி, நேரே அந்தப் பத்து மாடிக்கு முன்னால் போய் நின்றது. அப்போதுதான் வீடுகளுக்கு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். பால்கனிகளில் துளசிச் செடி, ஊஞ்சல், கலர் விளக்கு. ஆறாவது மாடியில் ஒருத்தர் கையில் காபியோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் உப்புத் தொட்டியைக் கழுவ ஆரம்பித்தாள்.

பத்து நாள் ஆவதற்குள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒருத்தர் வந்தார். நானும் அன்றைக்கு இருந்தேன், அது என் பாக்கியம். மூக்கில் கைக்குட்டை. நடக்கும்போது காலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“எம்மா, என்னம்மா இது? வீட்டுக்குள்ள உக்கார முடியல, சாப்பிட முடியல. கொஞ்சம் வேற எங்கயாவது காய வையுங்களேன்.”

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “உக்காருங்க சார்” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. “இதெல்லாம் தவிர்க்க முடியாத பாதிப்புங்க சார். வெயில் இருந்தா வாடை வராது. வெயில நீங்க மறைச்சிட்டு நிக்கறீங்க. அதனால வாடை வருது. நாங்க வேணும்னா ரெண்டு கன்னு வாங்கித் தர்றோம், பால்கனியில வெச்சிக்குங்க.”

அவர் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் ஒரு வேளைச் சோறு கூட இறங்கும். புகார் கொடுப்பேன் என்றார். கொடுங்கள் என்றேன். கொடுத்தார்.

விசாரிக்க வந்தவர்கள் களத்தைச் சுற்றி நடந்தார்கள், கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு எழுதினார்கள். காலங்காலமாகக் கருவாடு காய்கிற இடம், திட்டக்காரர்களே தொட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துக் கல் நட்ட இடம். அங்கே கருவாடு போடக்கூடாது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் அவர்களை ஒவ்வொரு கல்லாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மஞ்சள் அழியாமல் இருந்தது. அன்றைக்கு மண்டபத்தில் நாங்கள் குலவை போட்டது வீண் போகவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் கட்டடம் கட்டின கம்பெனி ஆளே வந்து, வேறு இடம் பார்த்துத் தருகிறோம் என்று அக்காவிடம் தன்மையாகப் பேசினார். உங்களுக்கு என்னதான் வேண்டும், சொல்லுங்கள் என்றார்.

“மத்தியான வெயிலு” என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கத்தியை எடுத்துத் திருக்கையின் வாலை வெட்ட ஆரம்பித்தாள். அவர் சட்டையில் ரெண்டு சொட்டு தெறித்தது, அது தற்செயல் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

கோடை ஏற ஏற வீடுகள் காலியாயின. பால்கனி ஊஞ்சல்கள் காணாமல் போயின, ‘வாடகைக்கு’ என்று அட்டைகள் தொங்கின. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் அந்த அட்டைகளைப் பார்ப்பதற்காகவே ரயிலேறினேன். புருஷன்கூடக் கேட்டார், உனக்குக் கோயில் குளம் ஏதும் கிடையாதா என்று. இதுதான் என் கோயில் என்றேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பெண் கீழே இறங்கி வந்தாள். சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயக் குடும்பமாம், புருஷனுக்கு இங்கே வேலை. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. திட்டவில்லை, மூக்கை மூடவில்லை. “புள்ள ஒரு வாரமா பால் குடிச்சா கக்குதுக்கா. வீட்ட வித்துட்டுப் போலாம்னா வாங்க ஆளில்ல. எங்களுக்குத் தெரியாதுக்கா, இங்க வெயில் இருந்துச்சின்னு. நாங்க பார்க்க வந்தப்ப கட்டடம் முடிஞ்சிருந்துச்சி” என்றாள்.

எனக்கு நாக்கில் பதில் ரெடியாக இருந்தது. கட்டினவன்கிட்ட போய்க் கேளு என்று சொன்னேன். சொன்னேன்தான், ஆனால் சங்கத்துக்காரரிடம் சொன்னபோது இருந்த ருசி அதில் இல்லை. அவள் குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள். அந்தக் குழந்தை தோள் மேலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டு போயிற்று. கட்டினவன் எங்கே இருக்கிறான்? சென்னையிலோ எங்கேயோ, கடல்காத்து போகாத இடத்தில். அந்தத் தடித்த புத்தகம் எழுதினவனும் அங்கேதான் இருப்பான். எங்கள் நாற்றம் ஸ்டேஷன் ரோட்டைத் தாண்டுவதில்லை. அது எனக்கு முதல் தடவையாக உறைத்தது, உறைத்ததும் ஆத்திரம்தான் இன்னும் ஜாஸ்தியானது, இந்தத் தடவை யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

இதற்குள் அக்காவின் கருவாடு மனுஷர் தின்கிற சரக்காக இல்லாமல் போயிருந்தது. கோழித் தீவனத்துக்கு வாங்குகிறவர் வாரத்துக்கு ஒரு நாள் வேனில் வந்து சாக்கில் அள்ளிக்கொண்டு போனார். தரம் பார்ப்பதில்லை, முகர்ந்து பார்ப்பதும் இல்லை, நிறுத்துப் போட்டுக்கொண்டு போவார். ஒரு நாள் மாமா போட்டை விட்டு வந்து, களத்தில் கிடந்ததைக் காலால் எத்திவிட்டார். நான் பார்த்து அவர் மீனைக் காலால் தொட்டது அன்றைக்குத்தான்.

“நான் உசுரக் கையில புடிச்சிக்கினு கடலுக்குப் போறது கோழிக்காடி? சொல்லு. கோழிக்கா?”

அக்கா குனிந்தாள். அவர் எத்தினதைப் பொறுக்கி மறுபடி விரித்தாள். என்னால் அவரைப் பார்க்கவே முடியவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த ரயிலுக்கு வந்துவிட்டேன். சிதம்பரத்தில் அந்த டீச்சர் ஜாக்கெட் வாங்க வந்தபோது அக்காவைப் பற்றிக் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்பதில்லை. நான் அளவெடுத்தேன், அவர்கள் போனார்கள்.

போன மாசம் புவனகிரியில் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. நானும் போனேன், அக்காவும் வந்திருந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள், தலையில் பூ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் முதலில் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனாள், பிறகு எழுந்து வேறு வரிசைக்குப் போனாள். அக்கா பார்த்தாள். பார்க்காதது போல இலையில் கையை வைத்தாள். வாடை அவள் துணியில் இல்லை, அவள் தோலில் ஏறியிருந்தது. சாப்பிட்டு முடித்துப் பஸ்ஸுக்கு நடக்கும்போது நான் உடைந்துபோய்ச் சொன்னேன்.

“போதும்க்கா. நிறுத்திடலாம். பாதி வீடு காலியாயிருச்சி, நாம ஜெயிச்சிட்டோம். நீ தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வா, நம்ம ஆளுங்க இடம் தருவாங்க. பழையபடி நெத்திலி போடு. அந்தக் கொழந்தை மூஞ்சி என் கண்ணுலயே நிக்குது.”

அவள் நடையை நிறுத்தவில்லை. “இரு, வர்றேன்” என்று வழியிலிருந்த சந்தைக்குள் நுழைந்தாள்.

நானும் பின்னால் போனேன். கருவாடு விற்கிற வரிசையில் ஒரு அம்மாவின் சாக்குக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். நெத்திலியை ஒரு கை அள்ளி, ஒன்றை ஒடித்துப் பார்த்தாள். சத்தம் கேட்டது. நல்ல வெயிலில் காய்ந்த மீன். முகர்ந்தாள், கண்ணை மூடி ரொம்ப நேரம் முகர்ந்தாள். விலை கேட்கத்தான் போயிருக்கிறாள் என்று நான் நினைத்தேன். கேட்டாள், பேரம் பேசினாள், பையை விரித்துப் பிடித்தாள். என் அக்கா கருவாடு வாங்குகிறாள். பிறந்ததிலிருந்து அவள் கருவாடு வாங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு நடுச் சந்தையில் கண்ணீர் வந்துவிட்டது.

“ஏன்க்கா, இது ஒனக்கே நல்லா இருக்கா? அப்ப எதுக்கு இன்னும் அந்தத் திருக்கை? விட்டுத் தொலையேன்.”

அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள். என்னைத் தீர்க்கமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

“நீ சொல்லித்தான் ஆரம்பிச்சேன். நீ சொன்னா நிறுத்தறதுக்கில்ல.” கையிலிருந்த பையைத் தூக்கிக் காட்டினாள். “இது திங்கறதுக்கு. அது அவுங்களுக்கு.”